நல்ல கண் இறங்கிய வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு என் மகளின் நல்ல கண் இறங்கியது.

நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நைனா, தண்ணி மொண்டு தரட்டா?" என்று நிமிர்ந்தாள். எட்டு நாளுக்கு முன் அறுவை செய்த இடது கண் வட்டமாக, பளிச்சென்று திறந்திருந்தது. வலது கண் பாதி மூடியிருந்தது. பத்தொன்பது வருடமாக எந்தக் குறையும் காட்டாத கண் அது.

"தூக்கம் வருதாம்மா?"

"இல்லியே. ஏன்?"

"வலது கண்ண நல்லா தொற."

"தொறந்துதான் கீறேன்."

கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் வலது கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். என் கையிலிருந்த கடிகாரம் தரையில் விழுந்தது.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது அடுத்த அறையில் போனில் யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அந்த நான்கு இருபதை நினைத்தால் இன்னும் எழுந்துபோய் அவள் கண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். நான் படித்தவன், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவன். அந்தப் படிப்பில் ஒரு துளிகூட அன்று எனக்கு உதவவில்லை.

எங்கள் பழவேற்காட்டில் யாருடைய கண்ணும் முழுதாகத் திறந்து நான் பார்த்ததில்லை. ஏரி ஆழமில்லாதது. வெயில் தண்ணீரில் பட்டு அப்படியே முகத்தில் அடிக்கும். காலை எட்டு மணிக்கே கண்ணைச் சுருக்கத் தொடங்குவோம். கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படங்களைப் பார்த்தால், அண்ணன், அண்ணி, மாமன், மச்சான் எல்லோர் முகத்திலும் கண் இருக்கும் இடத்தில் ஒரு கோடுதான் இருக்கும். அதனால் என் மகளின் இடது இமை எப்போது இறங்கத் தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. வெயிலுக்குச் சுருக்குகிறாள் என்றே நினைத்திருந்தோம். வேறு ஊர்க்காரர்கள் என்றால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

கண்டுபிடித்தவர் பொன்னேரி ஸ்டுடியோக்காரர். கல்லூரி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போயிருந்தோம். நான்கு முறை எடுத்தார். "பாப்பா, லெஃப்ட் கண்ண நல்லா தொற." "தொறந்துதான் கீறேன் அண்ணா." ஐந்தாவது முறை கேமராவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய படங்களைப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. நான்கைந்து வருடமாக எல்லாப் படத்திலும் அவள் புருவம் மேலே ஏறியிருந்தது. நெற்றியில் மூன்று மடிப்பு. அண்ணன் அவளைக் கேலி செய்வார்: "இன்னாடி, எப்ப பாத்தாலும் ஷாக் அடிச்ச மாதிரியே கீற?" அவளும் சிரிப்பாள். இறங்கின இமையை நெற்றியால் தூக்கித் தூக்கித்தான் அவள் உலகத்தைப் பார்த்திருக்கிறாள். அது எங்களுக்குக் கேலிப் பொருளாக இருந்திருக்கிறது.

சென்னை கண் மருத்துவமனையில் இமைக்கென்றே ஒரு பெண் மருத்துவர். வியாழக்கிழமை மட்டும் வருவார். என் வயது இருக்கும். முதல் நாள் அவர் செய்த முதல் காரியம், என் மகளின் புருவத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தியதுதான். "நெத்தி உதவிக்கு வரக்கூடாது. இப்ப கண்ணைத் தொற." இடது இமை கண்மணியின் பாதிவரை இறங்கி அங்கேயே நின்றது. கீழே பார்க்கச் சொன்னார், மேலே பார்க்கச் சொன்னார், சின்ன ஸ்கேலை வைத்து இமை எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்தார். "தசை நல்லா வேலை செய்யுது. நல்ல விஷயம்" என்றார்.

தசை நன்றாக இருந்தால் இமை ஏன் விழுகிறது? நான் கேட்டேன். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, கண்ணைப் பக்கவாட்டில் வெட்டியதுபோல ஒரு படம் வரைந்தார். நான் அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மேல் இமையை நான் வெறும் தோல் என்று நினைத்திருந்தேன். அதற்குள் இத்தனை இருக்கும் என்று தெரியாது. வெளியே தோல், உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான். அதற்கு அடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் ஒரு தசை, அது கண்ணை மூடுவதற்கு. அதற்கும் பின்னால் ஒரு மெல்லிய திரை. திரைக்குப் பின்னால் மஞ்சளாகக் கொஞ்சம் கொழுப்பு. "அந்த மஞ்சள் தெரிஞ்சிட்டா எனக்கு நிம்மதி. நான் தேடறது அதுக்கு நேர் கீழ இருக்கும்" என்றார் மருத்துவர். அவர் தேடுவது, இமையைத் தூக்கும் தசையின் முன்பகுதி. அந்தத் தசை கண்குழியின் கடைசி மூலையில் தொடங்குகிறது. குழியின் கூரையை ஒட்டியே முன்னால் வருகிறது. அங்கே குறுக்காக ஒரு பட்டை இருக்கிறது, அதன் அருகில் வளைந்து கீழே இறங்குகிறது. இறங்கும்போது சதையாக இல்லாமல் வெள்ளைத் துணிபோல விரிந்து, இமை விளிம்பில் இருக்கும் விறைப்பான அட்டை போன்ற ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் இழைகள் தோலுக்கும் போகின்றன. கண் திறக்கும்போது இமையில் விழும் மடிப்பு அந்த இழைகளால் வருவது.

"உங்க பொண்ணுக்கு அந்த வெள்ளைத் துணி மெலிஞ்சு, அட்டையிலிருந்து நழுவி மேல போயிருக்கு. பாருங்க, இந்தப் பக்கம் மடிப்பு கொஞ்சம் மேல ஏறியிருக்கு. அதை இறக்கிக் கொண்டுவந்து பழைய இடத்துல தைக்கணும். அவ்வளவுதான்."

அதற்கும் கீழே இன்னொரு குட்டித் தசை உண்டாம். அது நாம் சொல்வதைக் கேட்காது. தானாக ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தூக்கும். பயந்தால் கண் விரிவது அதனால்தான். "அதை நான் தொடப்போறதில்ல" என்றார். அந்தத் தசை எனக்கு அன்று நன்றாக வேலை செய்திருக்கும்.

என் மனைவி பள்ளிக்கூடம் அதிகம் போனவள் அல்ல. வெளியே வந்ததும், "இன்னா சொன்னாங்க?" என்றாள். நான் நோட்டைப் பிரித்து வாசித்தேன். அவளுக்குப் பிடிபடவில்லை. நோட்டை மூடிவிட்டு எங்கள் வீட்டுப் படகை வைத்துச் சொன்னேன். பாயை ஏற்றும் கயிற்றை நாங்கள் ஆஞ்சான் என்போம். கீழே நின்று இழுப்போம், கயிறு மரத்தின் உச்சிக்குப் போய் வளைந்து திரும்பி இறங்கும், பாய் ஏறும். "ஆஞ்சான் நல்லாத்தான் கீது. இழுக்கற ஆளும் நல்லாத்தான் கீறான். பாயில கட்டின முடிச்சு நழுவிடுச்சு" என்றேன்.

"அப்ப முடிச்ச சரியா போட்டா பாய் ஏறிக்கும். இதுக்கா இம்மாம் நேரம் பேசிக்கினு இருந்த?" என்றாள்.

முடிச்சு ஏன் நழுவியது என்பதுதான் அவளைப் பிறகு வருத்தியது. நிறைய வருடம் கண்ணைக் கசக்கினால் அப்படி ஆகலாம் என்றார் மருத்துவர். சின்ன வயதிலிருந்தே மகளுக்குக் கண் அரிக்கும். லீவு நாளில் அம்மாவோடு ஏரியில் இறங்கி நண்டு தடவப் போவாள். கையெல்லாம் சேறும் உப்புமாக இருக்கும். இடது மணிக்கட்டால் இடது கண்ணைத் தேய்த்துக்கொள்வாள். "நான்தான் இட்டுக்கினு போனேன்" என்று மனைவி பஸ்ஸில் பொன்னேரிவரை சொல்லிக்கொண்டே வந்தாள். மகள் தூங்குவதுபோல இருந்தவள், கண்ணைத் திறக்காமலே, "யம்மா, நண்டு புடிக்கும்போது கூப்டாத. வறுத்தப்புறம் கூப்டு" என்றாள்.

அறுவை நடந்த வியாழக்கிழமை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். முழு மயக்கம் கொடுக்கவில்லை. இமையை மட்டும் மரக்கவைத்துவிட்டுத் தைத்திருக்கிறார்கள். பாதியில் அவளை எழுப்பி உட்காரவைத்து, "சுவர்ல கடிகாரத்தைப் பாரு, தரையைப் பாரு, என்னைப் பாரு" என்றிருக்கிறார் மருத்துவர். உயரம் சரியில்லை என்று தையலை அவிழ்த்து மறுபடி போட்டிருக்கிறார், மூன்று முறை. "புடவைக்கு ஃபால்ஸ் தெக்கிறவங்க மாதிரி நைனா. தூக்கிப் பாக்கறாங்க, எறக்கிப் பாக்கறாங்க" என்றாள். அந்த ஒன்றரை மணி நேரம் நான் வெளியே தரையில் பதித்த கற்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை தையல் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். நான் செய்த தவறு அன்றுதான் நடந்தது.

அதைச் சொல்ல, எங்கள் ஏரியில் நடக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இறால் நன்றாக விழும் இடங்களை ஆளுக்கு ஆள் பாய்ந்து பிடிப்பதில்லை. பாடு என்று முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்தக் குடும்பங்கள், நாளைக்கு அந்தக் குடும்பங்கள். ஒரு வீட்டில் காய்ச்சல், சாவு என்றால் தன் முறையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவான். அவன் முறை வரும்போது அது இவனுக்குத் திரும்பி வரும். யாரும் எழுதிவைப்பதில்லை, மறப்பதும் இல்லை. வாத்தியார் வேலைக்குப் போனாலும் நான் அந்தக் குடும்பத்தில் பிறந்தவன். வரிசையில் நின்றால் எனக்கு அந்தப் புத்திதான் வரும்.

அன்று எங்கள் டோக்கன் ஒன்பது. எங்களுக்கு எதிரே ஒரு தெலுங்குக்காரப் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். சூளூர்ப்பேட்டைப் பக்கம். குழந்தையின் இரண்டு இமையும் ஒட்டினாற்போல மூடியிருந்தன. குழந்தை தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கு நுனி வழியாக அம்மாவைப் பார்த்தது. அவள் டோக்கன் முப்பத்திரண்டு. மதிய ரயிலை விட்டால் வீட்டில் இன்னொரு குழந்தை தனியாக இருக்கும் என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் டோக்கனை மாற்றிக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அந்த ஏரிக்காரிதான்.

ஒரு மணிக்கு இருபத்தைந்தாம் எண் போய்க்கொண்டிருந்தபோது மருத்துவர் அறுவை அரங்குக்குப் போய்விட்டார். மீதிப் பேருக்கு ஒரு பயிற்சி மருத்துவர் தையல் பிரித்தார். "நல்லா இருக்கு, போகலாம்" என்றார். நான் நர்சம்மாவிடம் போய், "நாங்க எங்க முறையை அந்தக் கொழந்தைக்குக் குடுத்தோம். நாளைக்கு முதல்ல எங்களை அனுப்பிடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நாளைக்கு மேடமே கிடையாது. அதான் தையல் பிரிச்சாச்சே, இன்னும் எதுக்கு?"

எதற்கென்று எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள்தான் வெள்ளிக்கிழமை.

நான்கு இருபதுக்கும் ஆறு மணிக்கும் நடுவில் அவளை எத்தனை முறை படம் பிடித்தேன் என்று தெரியாது. ஜன்னல் பக்கம், வாசல் பக்கம், உட்கார்ந்து, நின்று. எல்லாவற்றிலும் வலது இமை இறங்கித்தான் இருந்தது. அப்புறம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். போனில் தேடினேன். இமை திடீரென்று இறங்கினால் என்ன என்னவாக இருக்கலாம் என்று அது வரிசையாகச் சொல்லிற்று. நரம்பு என்றது. தசைநோய் என்றது. மூளையில் ரத்தக்குழாய் என்றது. மனைவிக்குத் தெரியாமல் படிக்க முயன்றேன். என் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

"நல்லா கீற கண்ண எதுக்கு கெடுத்தாங்க? அத யாரு தொடச் சொன்னா?"

"அத யாரும் தொடல."

"தொடாம எப்பிடி வுழும்? பெரிய டாக்டரு பாத்திருந்தா சொல்லியிருப்பாங்க இல்ல? நீதான் பாட்ட குடுக்கற மாதிரி முறைய தூக்கிக் குடுத்துட்டு வந்த."

"நீயும் பக்கத்துலதான குந்திக்கினு இருந்த?"

"நான் படிக்காதவ. நீ வாத்தியாரு."

அண்ணன் அதற்குள் வந்துவிட்டார். மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்போதும் கேலி பேசுகிறவர் அன்று ஒன்றும் பேசவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. மகள்தான், "இன்னா பெரியப்பா, வெல பேசப் போறியா?" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மருத்துவமனைக்கு போன் செய்தேன். எடுத்த நர்ஸ் பொறுமையானவர். ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? இல்லை. தலைவலி? இல்லை. கண்மணி இரண்டும் ஒரே அளவா? டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரே அளவுதான். அறுவை செய்த கண்ணில் வலி, சீழ்? இல்லை. "அப்ப பயப்படாதீங்க. காலைல வாங்க, டியூட்டி டாக்டர் பார்ப்பார். மேடம் வியாழக்கிழமைதான். இருந்தாலும் அவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டு வைக்கிறேன்." பயப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும். அது என் குணம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகும் வழியில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். வருடம் தவறாமல் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்ப் பாடம் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தக் கல் மண்டையின் கண்குழிகளைத்தான் பார்த்தேன். இமையைத் தூக்கும் தசை தொடங்கும் இடம் அந்தக் குழியின் கடைசி மூலை. அதற்கு அந்தப் பக்கம் மூளை. அவ்வளவு பக்கமா? வேகமாக நடந்தேன். "மெதுவா நைனா, பஸ் இன்னும் வரல" என்றாள் மகள். பொன்னேரி போய் ரயில் பிடித்தோம். வழியெல்லாம் நான் அவளுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, "யாருங்க இவரு? உன்னையே மொறைக்கிறாரு?" என்று என் மகளிடம் கேட்டுவிட்டார்.

டியூட்டி மருத்துவர் இளைஞர். மரியாதையானவர். டார்ச் அடித்தார், விரலைப் பின்தொடரச் சொன்னார், எட்டுத் திசையிலும் பார்க்கவைத்தார். ஒரு நிமிடம் முழுக்க மேலேயே பார்க்கச் சொன்னார். பிறகு கேள்விகள். சாயங்காலம் ஆனால் கண் இன்னும் இறங்குதா? பேசிப் பேசிக் குரல் தேய்ந்துபோகுதா? சோறு முழுங்கக் கஷ்டமா? மாடிப்படி ஏறினால் கால் ஓய்ந்துபோகுதா?

ஒவ்வொரு கேள்விக்கும் அவள் இல்லை என்றாள். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கு ஆமாம் என்று தோன்றியது. நேற்று சாதத்தை மெதுவாகத்தானே சாப்பிட்டாள்?

"நரம்புல ஒண்ணும் தெரியல சார். ரெண்டு இமையும் இறங்கற மாதிரி ஒரு தசை பலவீனம் உண்டு. அது இல்லைன்னு பார்த்துடலாம்" என்று ஐஸ் கொண்டுவரச் சொன்னார். குளிரில் அந்தப் பலவீனம் கொஞ்ச நேரம் சரியாகி இமை மேலே ஏறுமாம். ஏறினால்தான் நோய். ஐஸைக் கையுறையில் போட்டுக் கட்டி, மூடிய வலது கண்மேல் இரண்டு நிமிடம் வைத்தார்கள். எங்கள் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமே இல்லை, பெட்டி பெட்டியாக வரும். ஆனால் ஐஸைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான். ஏறாதே, ஏறாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மகளின் இமை ஏறவேண்டும் என்று ஒன்பது நாளாக வேண்டியவன் நான்.

"இன்னா நைனா, என்னிய கொடுவா மீன்னு நெனச்சிக்கினாங்களா? மெட்ராசுக்கு ஏத்தற மாதிரி ஐஸ் வெக்கிறாங்க?" என்றாள் ஐஸுக்கு அடியிலிருந்து.

அந்த இளைஞர் சிரித்துவிட்டார். ஐஸை எடுத்தார். இமை அதே இடத்தில் இருந்தது.

"ஏறல" என்றார். "நல்லது. ஆனா ஏன் இறங்குச்சுன்னு மேடம் சொன்னாதான் சரியா இருக்கும். ரத்தப் பரிசோதனை எழுதட்டுமான்னு அவங்களையே கேட்டுடறேன். வெளிய இருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்தப் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். மனைவி முதல் நாள் பேசியதற்கு வருந்துகிறாள் என்று தெரிந்தது, ஏனென்றால் தண்ணீர் பாட்டிலை முதலில் எனக்குத் தந்தாள். நான் போனில் இருந்த படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் மனதுக்குள் செய்துகொண்ட பேரங்களை இங்கே எழுதப்போவதில்லை. என் கண்ணை எடுத்துக்கொள் என்பது அதில் மிகச் சிறியது.

பதினொன்றரைக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இமை மருத்துவர். வெள்ளைக் கோட்டு இல்லை, பருத்திப் புடவையில், தோளில் காய்கறிப் பையோடு வந்தார். அன்று அவர் வரும் நாள் இல்லை. பையை நர்சம்மாவின் மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, எங்களை உள்ளே வரச்சொன்னார்.

"வியாழக்கிழமை உங்களைத் தேடினேன். ஒன்பதாம் நம்பர்னு கூப்பிட்டா ஒரு கைக்குழந்தை வருது."

நான் டோக்கன் மாற்றிய கதையைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். என் மகளின் புருவத்தில் கட்டைவிரலை வைத்தார். இப்போது நெற்றி சமமாக இருந்தது. மடிப்பே இல்லை. நான் ஒன்பது நாளாக இமையை மட்டும் பார்த்திருந்தேன், நெற்றியைப் பார்க்கவே இல்லை. கோப்பைத் திருப்பி உள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

என் மகளின் முகம். யாரோ ஒருவரின் விரல் அவள் இடது இமையைத் தூக்கிப் பிடித்திருந்தது. வலது இமை பாதி இறங்கியிருந்தது. என் போனில் இருந்த அத்தனை படங்களிலும் இருந்த அதே உயரம்.

"இது எப்ப எடுத்தது?" என்றேன்.

"நீங்க முதல் தடவை வந்தப்ப. ஆபரேஷனுக்கு முன்னாடி. நீங்க பணம் கட்ட வெளிய போயிருந்தீங்க. அந்த விரல் என்னோடது."

எனக்குப் புரியவில்லை. மனைவி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மூளை ரெண்டு இமைக்கும் தனித்தனியா உத்தரவு போடாதும்மா. ஒரே உத்தரவு, ரெண்டுக்கும் சமமா போகும்" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார் மருத்துவர். "இடது இமை ஏறலைன்னு மூளை இத்தனை வருஷமா ஓங்கி உத்தரவு போட்டுக்கிட்டே இருந்தது. இடதுல முடிச்சு நழுவிட்டதால அது ஏறல. வலது பாவம், அந்த உத்தரவைக் கேட்டு அளவுக்கு மேல தூக்கிக்கிட்டு நின்னுது. இப்ப இடது சரியாயிடுச்சு. உத்தரவு தணிஞ்சிடுச்சு. வலது தன்னோட சொந்த இடத்துக்கு வந்திருக்கு. முதல்ல வீக்கம் இருந்ததால தெரியல, தையல் பிரிச்சப்புறம் தெரியுது. அன்னிக்கு என் விரல் இடதைத் தூக்கினப்பவும் இதேதான் நடந்தது."

"கரைவலை இழுக்கறப்ப ரெண்டு பக்கமும் ஒரே கொரலுக்குத்தான் இழுப்பாங்க" என்றாள் மனைவி மெதுவாக. "ஒரு பக்கம் வரலன்னு கத்தனா, ரெண்டு பக்கமும் சேத்துத்தான் வேகமா இழுக்கும்."

"அதேதான்" என்றார் மருத்துவர். "இதை நான் முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தையல் பிரிக்கிற அன்னிக்குச் சொல்லலாம்னு வெச்சேன். அது என் தப்பு."

"அப்ப நோய் இல்லீங்களா?" என்றேன்.

"இல்ல."

"ரத்தப் பரிசோதனை?"

"வேண்டாம்."

"வலது கண் இப்படியே இருந்துடுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா மூளை பழகிக்கும். பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணா வந்துடும். வரலைன்னா அப்ப பார்த்துக்கலாம், அதுவும் இதே மாதிரி சின்ன தையல்தான். பார்வைக்கு ஒரு ஆபத்தும் இல்ல." என் மகளின் பக்கம் திரும்பினார். "நீ என்ன கேக்கணும்?"

"பஸ் டிரைவர் மாதிரி வெயில்ல கூலிங்கிளாஸ் போடலாமா டாக்டர்?"

"போடு. கண்ணைக் கசக்காதே, அது மட்டும்தான்."

மனைவி அழத் தொடங்கினாள். நானும் எதையோ தேடுவதுபோலப் பையைக் குனிந்து பார்த்தேன். மருத்துவர் கோப்பில் இரண்டு வரி எழுதி மூடினார். காய்கறிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சார், அடுத்த வியாழக்கிழமை நீங்க வரவேண்டாம். ஒன்பதாம் நம்பரை இன்னிக்குப் பார்த்தாச்சு."